ஒற்றை விசில்

நிலம் ஆடி ஓய்ந்த பிறகு அந்த ஊரில் எதற்கும் வரிசைதான். தண்ணீருக்கு வரிசை, ரொட்டிக்கு வரிசை, மெழுகுவத்திக்குக்கூட வரிசை. டீசல் மட்டும் வரிசையில் நின்றாலும் கிடையாது. டெப்போவில் பஸ்கள் எல்லாம் சக்கரம் அசையாமல் தூசி படிந்து கிடக்க, ஒரே ஒரு பஸ்ஸுக்கு மட்டும் டேங்க் நிரப்பினார்கள். யாருக்காக? தலைநகரிலிருந்து சேதத்தைப் பார்வையிட வந்த பெரிய மனிதர்களுக்காக!

அந்த பஸ்ஸின் கண்டக்டர் விசிலக்கா. வாயிலிருந்து விசிலை எடுத்தால் வசவுதான் வரும் என்பார் டிரைவர். இருவருக்கும் வருஷக்கணக்காக ஒரே பஸ். அவள் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்துவார், இரண்டு கொடுத்தால் கிளப்புவார். திரும்பிப் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

அன்றைக்கு அவளுக்கு வசவைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை. அவளுடைய அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டயாலிசிஸ் தவறினால் உயிர் நிற்காது. மிஷின் ஓடுகிற ஒரே ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். போன முறை வண்டி கிடைக்காமல் தவறிப்போனதில் அக்காவுக்கு முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"சார், பஸ் அந்த வழியாத்தானே போகுது. எங்க அக்காவ ஒரு ஓரமா உக்கார வச்சுக்கறேன்."

டெப்போ மேனேஜர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "வெளியாளு யாரும் ஏறக்கூடாது. நடுவுல எங்கயும் நிக்கக்கூடாது. மேலிடத்து உத்தரவு."

"இடிஞ்சது எங்க வீடு சார்! இதுல யாரு வெளியாளு?"

மேனேஜர் அடுத்த தாளைப் புரட்டினார். ஆனது ஆகட்டும் என்று அக்காவை மார்க்கெட் நிறுத்தத்துக்கு வரச் சொல்லிவிட்டு அவள் ஏறினாள்.

பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்கள். பின்பாதி முழுக்கக் காலி. வழியெல்லாம் ஜனங்கள் கையை நீட்டினார்கள், கூடவே ஓடினார்கள், கடைசியில் மண்ணை வாரித் தூற்றினார்கள். மார்க்கெட்டில் அக்காவைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் புருஷன் நின்றார். விசிலக்கா ஊதினாள். ஒரே ஒரு விசில். டிரைவரின் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"யாரு நிறுத்தச் சொன்னது?" என்று துள்ளினார் முன் சீட்டு அதிகாரி.

"சேதத்தப் பாக்கத்தானே வந்தீங்க? இதோ, ஏறி வருது. நல்லாப் பாருங்க. மொதல்ல எந்திரிங்க, அந்த சீட்டுலதான் குலுங்காது."

அக்காவுக்குப் பின்னால் மொத்த ஜனமும் ஏறிவிட்டது. அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். கூட வந்த போட்டோக்காரர் படம் எடுத்தார்.

மறுநாள் பேப்பரில் அந்தப் படம்: நோயாளிக்குத் தன் இருக்கையைத் தந்த அதிகாரி. அதே நாள் விசிலக்காவுக்கு சஸ்பெண்ட் உத்தரவு. வயிறு எரியாதா?

"என் வேலையத் தின்னுட்டு இந்தாளுக்குப் படம் ஒரு கேடா!" பேப்பரைக் கசக்கி அடுப்பில் போட்டாள்.

அக்கா அழுதாள். "என்னால உன் பொழப்பு போச்சேடி. இனிமே நான் வரல. விட்டுடு."

"வாய மூடு. அடுத்தது என்னைக்குன்னு மட்டும் சொல்லு."

அந்த நாளும் வந்தது. அதே பஸ், அதே டிரைவர். உள்ளே வேறு பெரிய மனிதர்கள், புதுக் கண்டக்டர். உத்தரவும் அதேதான், நிற்கக்கூடாது. மார்க்கெட் நிறுத்தத்தில் அக்காவை ஒரு கையால் அணைத்தபடி நின்ற விசிலக்கா, இடுப்பிலிருந்து விசிலை எடுத்தாள். டெப்போவில் டிக்கெட் பையையும் காக்கிச் சட்டையையும் பிடுங்கிக்கொண்டார்கள். விசில் அவளுடைய சொந்த விசில். வேகமாக வந்த பஸ்ஸைப் பார்த்து ஒரே ஒரு முறை ஊதினாள்.

பஸ் நின்றது. டிரைவர் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஏறும்வரை, அவளுடைய இரண்டு விசிலுக்காகக் காத்திருந்தார்.