நடுவில் வைத்த வாக்கியம்

ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவிருந்த வேலையை நான் கெடுத்தேன். பிறகு அவள் பேச்சையும் கெடுத்தேன். இரண்டையும் தெரிந்தே செய்தேன்.

சூழ்நிலை அப்படி, வாய் தவறிவிட்டது என்று நான் ஏதாவது இழுப்பேன் என எதிர்பார்க்காதீர்கள். வாய் தவறவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே, சிரித்த முகத்தோடு, மூன்றே வாக்கியங்களில் அதைச் செய்து முடித்தேன். அந்த மூன்றையும் எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதைத்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளமும் அதற்குத்தான்.

அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். மாணவர்களுக்கு பிசினஸ் கம்யூனிகேஷன் நடத்துகிறேன். கடிதம் எழுதுவது, தொலைபேசியில் பேசுவது, நேர்முகத் தேர்வில் உட்காருவது, கோபமாக வரும் வாடிக்கையாளரைச் சமாளிப்பது... இவையெல்லாம் பாடம். அதில் ஒரு பகுதி, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பது. முதலில் நல்லதாக ஒன்றைச் சொல். நடுவில் கெட்டதை வை. முடிக்கும்போது மறுபடி நல்லதாக ஒன்றைச் சொல். கேட்பவருக்கு வலிக்காது. சொல்பவர் மீது வருத்தமும் வராது.

கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, நடுக் கட்டத்தை மட்டும் சிறியதாகப் போடுவேன். பிள்ளைகள் அப்படியே வரைந்துகொள்வார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் காளீஸ்வரி. திருச்சுழிக்குப் போகிற வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி அவள் ஊர். சுற்றிலும் சீமைக்கருவேலம், நடுநடுவே மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பருத்திக் காடு. அவள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் காலைப் பேருந்து நிற்காமலே போய்க்கொண்டிருந்தது. கூட்டம் என்றால் ஓட்டுநர் கண்டுகொள்ள மாட்டார். இவள் ஒருநாள் எப்படியோ ஏறி, அருப்புக்கோட்டை வரும்வரை நடத்துனரோடு பேசியிருக்கிறாள். சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. மறுநாளிலிருந்து பேருந்து நின்றது. அந்த விலக்கில் ஏறும் பிள்ளைகள் இதை வகுப்பில் பெருமையாகச் சொன்னார்கள். நானும் அன்று பாராட்டினேன். அந்தப் பாராட்டு உண்மையானது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறவியிலேயே பாவி என்று நினைத்து என்னை எளிதாகத் தள்ளிவிடுவீர்கள்.

பிறகு அந்த வகுப்பு வந்தது.

தொலைபேசிப் பயிற்சி. நான் கோபக்கார வாடிக்கையாளர். வாங்கிய மிக்சி ஓடவில்லை என்று கத்த வேண்டும். காளீஸ்வரி கம்பெனி ஆள். துறைத் தலைவர் வகுப்பைப் பார்வையிட வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் ஆங்கிலத்தில் கத்தினேன். அவள் பதறவில்லை. தன் எளிய ஆங்கிலத்தில், நான் மூச்சு வாங்கும் இடம் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். எங்கே வாங்கினேன், எப்போது சத்தம் வந்தது, வீட்டில் சமையலுக்கு என்ன செய்கிறேன்... நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் எனக்குச் சொல் அகப்படவில்லை. திணறினேன். தொடர்ந்து கோபப்பட வேண்டும் என்பதே மறந்துபோயிற்று!

"மேடம், கோவத்துல உங்களுக்கு இங்கிலீஷ் வர மாட்டேங்குது. பரவால்ல, தமிழ்லயே திட்டுங்க, நான் கேட்டுக்கிறேன்" என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. அந்தக் கம்பெனி ஆளாகவே இருந்து, அக்கறையாகத்தான் சொன்னாள். வகுப்பு சிரித்தது. துறைத் தலைவரும் சிரித்தார். எழுந்து போகும்போது, "இந்தப் பொண்ணே கிளாஸ் எடுத்துரும் போலயே" என்றார்.

நானும் சிரித்தேன். தறிக்காரத் தெருவில் பிறந்து, தமிழ் வழியில் படித்து, கண்ணாடி முன் நின்று ஆங்கிலம் பேசிப் பழகியவள் நான். ஆண்டுதோறும் நீட்டித்தால்தான் எனக்கு வேலை. இதையெல்லாம் உங்களிடம் சொல்வது இரக்கம் தேடவா? இருக்கலாம். இத்தனை காலம் கழித்தும் என் பேச்சில் முதல் கட்டத்தை நிரப்பாமல் என்னால் இருக்க முடியவில்லை, பார்த்தீர்களா?

பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். இருபது வயதுப் பெண் மீது எனக்குப் பொறாமை. அசிங்கமாக இருக்கிறது. இருந்தாலும் அதுதான் பெயர்.

கடைசி ஆண்டில் மதுரையிலிருந்து ஒரு நிறுவனம் ஆள் எடுக்க வரப்போவதாகச் சொன்னார்கள். வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் வேலை, பெண்களுக்குத் தங்கும் விடுதியும் உண்டு. அதற்குச் சில நாட்கள் முன்பு காளீஸ்வரியின் அப்பா என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், மடிப்புக் கலையாமல் இருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"டீச்சரம்மா, உள்ளூர்லயே எங்க அக்கா மகனுக்குப் புள்ளயப் பேசி வச்சிருக்கு. தை மாசம் முடிக்கணுங்கிறாக. இது வேலைக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிது. வேல கெடச்சிருச்சின்னா நான் எங்க அக்காகிட்டப் பேசிக்கிருவேன், மதுரைக்கு அனுப்பிருவேன். கெடைக்கலன்னா நான் என்ன சொல்லித் தள்ளிப்போட? நீங்கதான் பாத்துக்கிரணும்."

"நான் பாத்துக்கிறேன்யா, நீங்க தைரியமாப் போங்க" என்றேன்.

பார்த்துக்கொண்டேன்.

தேர்வு நாளன்று காளீஸ்வரி கடைசி ஆளாக உள்ளே போனாள். வெளியே வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம். தேர்வு நடத்திய அம்மையார் எங்கள் துறை அறைக்கு வந்தார். வடையும் தேநீரும் வைத்தோம். அவர் கேட்டது இதுதான்.

"காளீஸ்வரின்னு ஒரு பொண்ணு... பிரமாதமாப் பேசுது. எடுத்துடலாம்னு இருக்கோம். ஆனா இந்தப் பக்கம் ஆர்டர் வாங்கிட்டு வராமப் போற பொண்ணுங்க ஜாஸ்தி மேடம். வீட்ல விடலைன்னு சொல்லிடுறாங்க. உங்களுக்குக் குடும்பம் தெரியுமே, இவளை அனுப்புவாங்களா?"

எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்பது வழக்கம். ஒரு பெண்ணுக்கு வேலை கொடுக்கும் முன் அவள் வீட்டைப் பற்றி ஆசிரியையிடம் கேட்பார்கள். ஆசிரியை என்ன சொல்கிறாளோ அதுதான் முடிவு. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். சொன்னேன்.

"என் ஸ்டூடண்ட்ஸ்லயே ரொம்பத் திறமையான பொண்ணு மேடம். ஆனா வீட்ல மாப்பிள்ளை பேசி முடிச்சிட்டாங்க, மதுரைக்கு அனுப்ப மாட்டாங்க. எங்க இருந்தாலும் நல்லா இருப்பா."

நல்லது, கெட்டது, நல்லது. குரல் கூட உயரவில்லை. அந்த அம்மையார், "பாவம், நல்ல பொண்ணு" என்று சொல்லித் தாளில் ஒரு கோடு இழுத்தார். "வடை நல்லா இருக்கு மேடம்" என்றார். நான் இன்னொரு வடை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

இதோடு நின்றிருந்தால் நான் வெறும் பொய்க்காரி. நான் நிற்கவில்லை.

பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்ததும் காளீஸ்வரி என்னிடம் வந்தாள். அழவில்லை. "மேடம், எங்க தப்புப் பண்ணேன்னு சொன்னீகன்னா திருத்திக்கிருவேன்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். கேள்வி கூட ஒழுங்காக, நேராக, தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லாமல் இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது!

என்ன சொல்லியிருக்கலாம் நான்? இடம் குறைவு என்றோ, அடுத்த கம்பெனி வரும் என்றோ சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொல்லலாம், எல்லாவற்றையும் நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். மூன்று கட்டம் கூட அவளுக்கு நான் போடவில்லை. கெட்டதை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

"உன் பேச்சுதான் காரணம். பட்டிக்காட்டு வாடை அடிக்குதாம். போன்ல கேக்குறவங்களுக்கு எரிச்சல் வரும்னு சொன்னாங்க. நீ நல்லாப் பேசுறதா நீயே நெனச்சுக்கிட்டு இருக்க, காளீஸ்வரி. இது நம்ம ஊரு விலக்குல செல்லும், வெளிய செல்லாது. இனியாவது வாயைக் குறைச்சுக்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பொய் தெரிந்துவிடுமோ என்று ஒரு கணம் பயந்தேன். அவள் பொய்யைத் தேடவில்லை. தன் குறையைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்ததும் தலையாட்டினாள்.

"யாரும் இப்படி மொகத்துக்கு நேரா சொன்னதில்ல மேடம். சரி மேடம்" என்றாள்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். உதடு அசையும், சத்தம் வராது. பாடத்தை நான் நிம்மதியாக நடத்தினேன். நிம்மதியாக என்றுதான் எழுதுகிறேன்... அன்று அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

தை மாதம் கல்யாணத்துக்கு அழைத்தார்கள், போனேன். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தேன். அவள் அப்பா என்னைப் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்து, "டீச்சரம்மாவுக்கு ரசம் ஊத்துங்கப்பா" என்று பக்கத்திலேயே நின்றார். ரசம் நன்றாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எப்படி இறங்கிற்று என்று கேட்கிறீர்களா? இறங்கிற்று. தொண்டைக்கு என்ன தெரியும்?

ஆண்டுகள் போயின. என் ஆங்கிலமும் தேறிவிட்டது. துறையில் இப்போது நான்தான் மூத்தவள். கல்லூரிக்கு வரும் நிறுவனங்கள் மாறினாலும், வருகிறவர்கள் கேட்கும் கேள்வி மாறவில்லை. வீட்டில் அனுப்புவார்களா என்று கேட்கிறார்கள். அனுப்புவார்கள், அனுப்புவார்கள் என்று எல்லாப் பெண்களைப் பற்றியும் சொல்கிறேன். விசாரிப்பது கூடக் கிடையாது. அதனால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேனோ? ஆகவில்லை.

போன சேர்க்கையின்போது காளீஸ்வரி வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கூடவே கணவனின் தங்கை. அந்தப் பெண்ணைப் பி.காம். சேர்க்க வந்திருந்தார்கள். எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தெரியாதது மாதிரி இருக்கலாம் என்றும் ஒரு நினைப்பு ஓடிற்று. அதற்குள் அவள் கும்பிட்டுவிட்டாள்.

என்ன பேசுவது என்று தெரியாமல், "பஸ்லயா வந்த? இப்பவும் உங்க விலக்குல நிக்கிதா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். நிக்கிறதில்ல. அவுக வண்டியில கொண்டாந்து விட்டாக."

"நீ பேசிப் பாக்கலையா?"

"நான் எங்க மேடம் பேச" என்று சொல்லிக் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

கணவனின் தங்கை துறுதுறுவென்று இருந்தாள். ஊரில் பேருந்து நிற்காததைப் பற்றி, தான் கலெக்டர் ஆபீஸுக்கே போய்க் கேட்கப் போவதைப் பற்றி, என்னிடம் நேராகவே ஆரம்பித்தாள். நல்ல குரல். தெளிவாக இருந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவளுக்கும் தானாகவே தெரிந்திருந்தது. நான் மெய்ம்மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

காளீஸ்வரி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பேச்சக் கொறடி. நம்ம பேச்சு வெளிய செல்லாது. நானும் ஒரு காலத்துல பெரிய பேச்சுக்காரின்னு திரிஞ்சவதான். மேடம்தான் மொகத்துக்கு நேரா எடுத்துச் சொன்னாக." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அதுக்காகத்தான் மேடம் இவள ஒங்ககிட்டயே கொண்டாந்தேன். மத்தவுக மழுப்புவாக. நீங்க உள்ளதச் சொல்லுவீக."

அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். கண்ணெதிரிலேயே மூடிக்கொண்டாள்!

அறையில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் ஆரம்பித்தேன், நம்புங்கள்... அல்லது நம்ப வேண்டாம். "காளீஸ்வரி, நீ ரொம்ப நல்ல பொண்ணு" என்றேன். முதல் கட்டம். அடுத்தது நடு வாக்கியம். அது நாக்கு நுனிவரை வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்று பார்த்த அதே பார்வை. இன்னும் என்ன குறை இருக்கிறது, சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்பது போல.

"உன் நாத்தனாரும் நல்லா வருவா. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அன்று காளீஸ்வரியின் அப்பாவிடம் சொன்ன அதே சொல்.

அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வாசலில் நின்றிருந்த கணவனிடம், "மேடம் பாத்துக்கிறேன்ட்டாக" என்று காளீஸ்வரி மெல்லிய குரலில் சொல்வது கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டதால்தான் எனக்கே கேட்டது.

இனி நான் திருந்திவிட்டேன், நாளை அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன் என்றெல்லாம் உங்களிடம் முடிக்கப் போவதில்லை. ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் அவள் இல்லை, அதனால்தான். அவளிடம் சொன்னால், இத்தனை ஆண்டுகள் தான் வாயை மூடிக்கொண்டிருந்தது எதற்காக என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்வியை அவள் கேட்டால், பழைய குரலில்தான் கேட்பாள். அந்தக் குரலை எதிர்கொள்ள இன்றைக்கும் எனக்குத் துணிச்சல் இல்லை.

அந்த நாத்தனார்ப் பெண் இப்போது என் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் தொலைபேசிப் பயிற்சி வந்தது. அவளை எழுப்பினேன். எழுந்து நின்றாள். பேசு என்றேன். கெஞ்சிக் கூடப் பார்த்தேன். அவள் அண்ணியைப் போலவே உதட்டை மட்டும் அசைத்துவிட்டு, என் அனுமதிக்காகக் காத்திருந்து, உட்கார்ந்துகொண்டாள்.