கேமரா ஊசியும் ஜீப்புல வந்த முள்ளும்

மக்களேஏஏ, என் பிஸ்கட் டப்பா கேமராவுக்கு சரியான ஊசி கெடச்சிடுச்சி!!! மலை மேல எங்க ஊரு புதூர்நாடு வர்றதுக்குள்ள போயும் போய்டுச்சி 😭

இந்த கேமராவுக்கு லென்ஸே கெடையாது. முன்னாடி தகடுல ஒரு குட்டி ஓட்டை, அவ்ளோதான். வூட்ல இருக்குற சாக்கு தைக்கிற ஊசில போட்டா ஓட்டை பெருசாயி, படம் பூரா ஒரே புகை.

அதான் இன்னிக்கு கீழ திருப்பத்தூர் எறங்கி கடை கடையா அலஞ்சேன். ஒரு கடைக்கார அக்கா கேட்டாங்க:

"இன்னா தைக்கப் போற?"

"தைக்கலக்கா, கேமரா செய்யப் போறேன்."

"அப்போ செல்லு கடைக்குப் போ!"

கடைசியா பாசிமணி கோக்குற ஊசி கெடச்சிது. முடி மாதிரி மெலிசு!

வெயில் சாயறதுக்குள்ள மொத படம் எடுத்துடணும்னு ஓடி வந்து ஊருக்குப் போற ஷேர் ஜீப்புல ஏறுனேன். வாய் சும்மா இருக்கல, ஜீப்பு பூரா ஊசிய காட்டிட்டேன்.

எதுர்ல இருந்த அக்கா, "தம்பி, கால்ல முள்ளு ஏறிடுச்சி. அந்த ஊசிய குடு"ன்னாங்க. எப்படி மாட்டேன்னு சொல்றது?

முள்ளு வந்துடுச்சி. ஜீப்பு குலுங்குனதுல ஊசி ஒடஞ்சிடுச்சி.

"சின்ன ஊசிதானே, உடு தம்பி. பெருசா ஒன்னு வாங்கிக்கோ!"ன்னாங்க அந்த அக்கா.

நாளைக்கு கீழேர்ந்து யாராச்சும் மேல வர்றீங்களா? பாசி ஊசி ஒன்னு வாங்கிட்டு வாங்க, கமென்ட்ல சொல்லுங்க. ஜீப்புல மட்டும் வெளிய எடுக்காதீங்க!