பிள்ளையார் ஃபோல்டர்

பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகம். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். அதில் டைப் அடித்தவள் நான் ஒருத்திதான். அதனால் அதில் எது கிடந்தாலும் என் தலையில்தான் விடியும்.

ஒரு நாள் முதலாளி, பெண்ணைப் பெற்ற ஒருவருக்குப் பத்திரிகையில் போடும் படங்களைக் காட்ட உட்கார்ந்தார். பிள்ளையார் ஃபோல்டரைத் திறந்தார். துணியில்லாத வெள்ளைக்காரிகள் வரிசையாக வந்தார்கள். வந்தவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "குப்பத்துப் பொண்ணைக் கொண்டாந்து உக்கார வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். நாளையிலேர்ந்து வராதே."

எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். வேலை போனால் இன்னொன்று தேடலாம். ஆனால் அம்மா மீன் விற்கும் பட்டினப்பாக்கத்துக்கு இந்தச் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேரும். அதற்கப்புறம் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

எனக்கு அழுகை வரவில்லை. மவுஸைப் பிடுங்கி, அந்தப் படங்கள் ஏறிய தேதியையும் நேரத்தையும் திரையில் காட்டினேன். சரஸ்வதி பூஜை, மாலை நாலு மணி.

அன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையில் வைத்திருந்தோம். மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்கு முன்பே எல்லோரும் கிளம்பிவிட்டோம். கடையைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டவர் மேனேஜர், முதலாளியின் மச்சினன். ஆளில்லாத நாளாகப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறார். தேதி தானாகப் பதியும் என்பது அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

முதலாளி, கல்லாவில் உட்கார்ந்திருந்த மச்சினனைப் பார்த்தார். மச்சினன் தரையைப் பார்த்தார். முதலாளிக்குப் புரிந்துவிட்டது.

"சரி சரி, போய் வேலையைப் பாரு" என்றார் என்னிடம்.

"இன்னா சார் சரி? தொரத்தினது எல்லார் முன்னாடியும். தப்பு என்னுது இல்லன்னு சொல்றதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அவர் வாய்க்குள் ஏதோ முனகினார். பைண்டிங் பிரிவு அக்கா தலையைத் தூக்கினாள்.

"மெஷின் ஓடிக்கினு கீது சார், ஒண்ணும் கேக்கல."

மெஷின்காரர் அந்த நிமிஷமே மெஷினை நிறுத்தினார். கடையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை.

"இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல" என்றார் முதலாளி.

"யார் மேலன்னும் சொல்லிடுங்க சார்."

அதையும் சொன்னார்.