நான்கு குரலில் ஒரு தார்ப்பாய் மழை

என் லேப்டாப்பின் ஸ்பீக்கர் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. மன்னார்குடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள் நான். ஊரார் போனுக்கெல்லாம் ஸ்பீக்கர் மாற்றிக் கொடுப்பேன். என்னுடையதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நான் பட்ட அவமானத்துக்கும் சந்தோஷத்துக்கும் அந்தச் சோம்பல்தான் காரணம்.

கும்பகோணத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில், டிவியில் சொருகி விளையாடும் வீடியோ கேம் பெட்டி ஒன்று கிடைத்தது. உதிரி பாகத்துக்கு ஆகுமே என்று எடுத்துவந்து, சும்மா டிவியில் சொருகி மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். பாட்டு வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே கட்டைவிரல் அகலத்தில் கறுப்புப் பொட்டாக ஒரே ஒரு சிப். அதற்கு நான்கே குரல்கள்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கூர்மையாகக் கத்தும் குரல் இரண்டு, அடியில் உருண்டு வரும் குரல் ஒன்று, நான்காவது வெறும் ‘உஸ்’ இரைச்சல். இந்த நான்கை வைத்துக்கொண்டு எப்படி ஒருத்தர், நாள் முழுக்க மண்டைக்குள் சுற்றுகிற பாட்டைப் போட்டார்? சோறு வடிக்கும்போதும் அதே யோசனை.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். ஆங்கிலத்தில் தேட வராது. போனிடம் தமிழில் பேசிப் பேசித்தான் தேடினேன். இதற்குச் சிப்டியூன் என்று பெயர், இதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், தமிழ் பேசுகிறவர்களே பதினைந்து பேர் ஒரு குழுவாக இருக்கிறார்கள் என்று தெரிந்தது. சேரலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் குழம்பினேன். எல்லாரும் இன்ஜினியர்களாக இருப்பார்கள், என்ன படித்தீர்கள் என்று கேட்பார்கள் என்று பயம். சேர்ந்த பிறகு யாரும் கேட்கவில்லை. அப்படியும் பயம் போகவில்லை. எப்போது கேட்பார்களோ என்று காத்திருந்தேன்.

அவர்கள் சொல்லித்தான் டிராக்கர் என்ற மென்பொருளைப் போட்டேன். மளிகைச் சீட்டு மாதிரி எண்கள் மேலிருந்து கீழே போகும். குரலுக்கு ஒன்றாக நான்கு வரிசை. லேப்டாப்பில் எழுதி, மெமரி கார்டு வைத்த கேம் கேசட்டில் ஏற்றி, பெட்டியில் சொருகி, டிவியில் கேட்பேன். லேப்டாப்பில்தான் சத்தம் வராதே.

நான் போட்ட முதல் முழுப் பாட்டு மழையைப் பற்றியது. போன தை அறுவடையில், என் வீட்டுக்காரர் குத்தகைக்குப் பயிரிட்ட நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு முறைக்குக் காத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பகல் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துப் பிடித்தபடி அதற்கடியிலேயே உட்கார்ந்திருந்தோம். ஈரப்பதம் ஏறினால் எடுக்க மாட்டார்களே என்று நெல்லை அள்ளி அள்ளிப் பார்த்தேன். அதற்கு நடுவிலும் காது தன் வேலையைப் பார்த்தது. முதலில் தனித்தனியாகத் தட்டுகிற துளிகள், பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். அட, இது அந்த நான்காவது குரல்தானே என்று தோன்றியது. தோன்றியதும் வெட்கமாகவும் இருந்தது. நெல் நனையப் போகிறது, இவளுக்குப் பாட்டு கேட்கிறது.

அந்த இரண்டு பகலையும் மூன்று மாதம் உட்கார்ந்து எண்களாக எழுதினேன். மெதுவாகப் போகிற பாட்டு.

குழுவில் மாதக் கடைசி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வீடியோ காலில் கூடுவார்கள். பெங்களூரில் இருக்கும் ஒரு பெண் கட்டிய இணையப் பக்கத்தில் பாட்டுகள் இருக்கும். எல்லாரும் ஒன்றாகக் கேட்டுவிட்டுக் கருத்து சொல்வார்கள். கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை பாட்டுப் போட்டவர் வாயைத் திறக்கக் கூடாது. விளக்கம் சொன்னால் எல்லாரும் விளக்கத்தைத்தான் கேட்பார்கள், பாட்டைக் கேட்க மாட்டார்கள் என்பதற்காக அப்படி ஒரு விதி.

பாட்டை அனுப்பினேனே தவிர, அந்தப் பக்கத்தில் ஒரு தடவைகூட அழுத்திக் கேட்கவில்லை. ஏதாவது தப்பாக இருந்துவிட்டால்? அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை.

அன்றைக்குக் கடையில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுப் போனை மேசையில் நிறுத்தினேன். வீட்டுக்காரர் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாட்டு ஆரம்பித்தது.

ஓடியது. நடக்க வேண்டிய பாட்டு தலைதெறிக்க ஓடியது. துளிகள் படபடவென்று வெடித்தன.

“என்ன, அப்பளம் பொரிக்கிறியா?” என்றார் வீட்டுக்காரர்.

இது என் பாட்டே இல்லை. ஆனால் போனில் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

“செம்ம அக்கா!” என்றார் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் குத்தாலத்துக்காரர். “நம்ம ஊரு மினி பஸ்ல கடைசி சீட்ல உக்காந்த மாதிரி இருக்கு.”

“இதுவரைக்கும் வந்ததுலயே ஜாலியான பாட்டு இதான்,” என்றார் பெங்களூர்ப் பெண்.

அசல் சிப்பைத் தவிர வேறெதையும் மதிக்காத சென்னைக்காரர் ஒருவர் உண்டு. அவர்கூடத் தலையாட்டினார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இணையப் பக்கத்துல கேட்டதுக்கு நான் மார்க் போட மாட்டேன். பவுடர் காபியக் குடிச்சிட்டு டிகாஷனப் பத்திப் பேசக் கூடாது.”

“சார், உங்க டிகாஷன் உங்க ஹால்ல மட்டும்தான் கெடைக்கும்,” என்றார் பெங்களூர்ப் பெண். “ என் பக்கம் ஒரு கோடு சிக்னல்லயும் திறக்கும். பாட்டே பத்து கேபி. அதக் கேக்க பத்து எம்பில பக்கம் கட்டறாங்க பாருங்க, அவங்ககிட்ட போயி சண்டை போடுங்க.”

என் முறை வந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. படித்தவர்கள் இத்தனை பேர் சேர்ந்து என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. தப்பைச் சொன்னால், அனுப்புமுன் கேட்டுக்கூடப் பார்க்கவில்லையா என்பார்கள். சொல்லாவிட்டால் அந்த இரண்டு பகலும் அப்பளமாகவே போய்விடும். ஆனால் கடைசியில் என்னைப் பேச வைத்தது நேர்மை இல்லை. ஏன் ஓடியது என்று தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது.

“நான் போட்டது இந்த வேகம் இல்லைங்க. இது ஏன் இப்படி ஓடுது?”

“எதுல கேட்டுக் கேட்டுப் போட்டீங்க?” என்றார் சென்னைக்காரர்.

“கேம் பெட்டியில சார். டிவியில.”

“லேப்டாப்ல கேக்கலியா?”

“அதுல ஸ்பீக்கர் போச்சு சார்.”

“நீங்க என்ன தொழில் பண்றதா சொன்னீங்க?”

“ஸ்பீக்கர் மாத்துற தொழில்!” என்று பெஞ்சிலிருந்து கத்தினார் வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

சென்னைக்காரர் விளக்கினார். டிவியில் படம் ஒரு தடவை மாறும்போது பாட்டும் ஒரு அடி எடுத்துவைக்கும். நம் ஊர் டிவிக்குச் செய்த பெட்டியில் படம் நொடிக்கு ஐம்பது தடவை மாறும். ஜப்பானில், அமெரிக்காவில் அறுபது. நான் ஐம்பதுக்கு எழுதியிருக்கிறேன். இணையப் பக்கம் எல்லாப் பாட்டையும் அறுபது என்றே எடுத்துக்கொள்கிறது. லேப்டாப்பில் இருக்கும் டிராக்கரும் அப்படித்தான்; அதில் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

“அசல் பெட்டியில கேளுங்கன்னு நான் சொன்னா யாரு கேக்குறா?” என்றார் குஷியாக.

“அது ஒரு நம்பர் சார். ரெண்டு நிமிஷம் குடுங்க,” என்றார் பெங்களூர்ப் பெண். “நம்ம ஊரு டிவிய நான் நெனைக்கவே இல்ல அக்கா. தப்பு என்னோடது.”

“மாத்தாதீங்க, ஓடறதுதான் நல்லா இருக்கு,” என்றார் குத்தாலத்துக்காரர்.

இரண்டாம் தடவை பாட்டு நடந்தது. ஒரு துளி, இடைவெளி, இன்னொரு துளி. அடிக்குரல் கீழே நீளமாக நின்றது. பிறகு இரைச்சல் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. போனில் யார் முகத்திலும் முன்பிருந்த சிரிப்பு இல்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் பதறிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இது கொள்முதல் நிலையத்துல உக்காந்திருந்தோமே, அந்தத் தார்ப்பாயி.” கொஞ்சம் பொறுத்து, “அந்தக் கிழிஞ்ச மூலை எங்க? ரெண்டு நாளும் எங்கழுத்துலயே சொட்டிக்கிட்டு இருந்துச்சே,” என்றார்.

“என்ன சொட்டு? அவர் என்ன சொல்றாரு?” என்று கேட்டார் சென்னைக்காரர். நெல்லையும் மழையையும் பற்றிச் சொன்னேன்.

“மினி பஸ்னு சொன்னதுக்கு மன்னிச்சிருங்க அக்கா,” என்றார் குத்தாலத்துக்காரர். “ஆனா அந்த ஓடுறதையும் நான் டவுன்லோட் பண்ணி வெச்சுக்குவேன்.”

“சொட்டு வைக்க எடம் இல்லைங்களே,” என்றேன். “நாலு குரலும் ரொம்பிக் கெடக்கு.”

“மூணாவது குரல் நீளமா நிக்குதுல்ல?” என்றார் சென்னைக்காரர். “ அதக் கண்ணிமைக்கிற நேரம் வெட்டிட்டு, அந்த எடத்துல உயரமா ஒரு சொட்டு வைங்க. வெட்டினது தெரியாது. காதே நெரப்பிக்கும்.”

கூட்டம் முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். வீட்டுக்காரர் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து விரலால் தட்டிக் காட்டினார். “அப்படி இல்ல. ரெண்டு நெருக்கமா, அப்புறம் ஓஞ்சிட்ட மாதிரி இருக்கும். நிமிந்து பாத்தா, ஒண்ணு விழும்.” தட்டியதைத் தட்டியபடியே மூன்றாவது வரிசையில் எழுதினேன்.

கேசட்டில் ஏற்றி, கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில் டிவியைப் போட்டோம். இரண்டு சொட்டு விழுந்தது. ஓய்ந்தது. மூன்றாவது விழுந்தபோது அவர் பிடரியைத் தடவிக்கொண்டார்.