டிக் மட்டும் போடத் தெரிந்த திருடன்

அலுவலகத்தில் அவளுக்கு நொட்டை மேடம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். புது வாஷிங் மெஷின் வந்தால் துணியைப் போடுவதற்கு முன் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, அதிலுள்ள தப்புகளைக் கம்பெனிக்கு எழுதி அனுப்புகிற பிறவி. கல்யாணமான புதிதில் கணவர் எதிர்வாதம் செய்து பார்த்தார். இப்போது வாயைத் திறக்காமல் பாத்திரம் கழுவுகிறார்.

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கிற இடம் உலகத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதில் ஒன்று அவளுக்கு வாய்த்தது. கம்ப்யூட்டருக்குள் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கிற நிரல்களைப் பிரித்து மேய்ந்து, அவை எப்படி வேலை செய்கின்றன என்று எழுதிக் கொடுக்கிற வேலை.

அந்த வாரம் அவள் மேஜைக்கு வந்திருந்தது பூட்டு நிரல் அல்ல. பூட்டு நிரலைச் செய்து தருகிற கருவி. செய்து விற்றவர்களுக்குள் பங்காளிச் சண்டை வந்து, ஒருவன் கோபத்தில் அதை இணையத்தில் ஊருக்கே இறைத்துவிட்டான். திறந்து பார்த்தவளுக்குச் சிரிப்பதா, காறித் துப்புவதா என்று தெரியவில்லை. ஒரு ஜன்னல். அதில் கட்டங்கள். மிரட்டல் கடிதத்தில் என்ன எழுத வேண்டும், திரையில் எந்தப் படம் தொங்க வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று கேள்விகள். டிக் போட்டுக்கொண்டே போய் ஒரு பொத்தானை அமுக்கினால் பூட்டும் தயார், சாவியும் தயார். டிரைவிங் லைசென்சுக்கு விண்ணப்பிக்க இதைவிட அதிகம் மூளை வேண்டும்.

“பழைய திருடனுக்குச் சுவர் ஏறவாவது தெரியும். இவனுங்களுக்கு டிக் போடத்தான் தெரியும்” என்றாள், யாரும் கேட்காமலேயே.

இணைப்பு எல்லாம் துண்டித்த ஒரு கம்ப்யூட்டரில் வைத்து அவள் அதை ஆராய்ந்த விதத்தைப் பார்த்தால் பொறுமைக்குப் பேர்போன எருமைக்கே அலுத்துவிடும். எல்லாக் கட்டத்தையும் நிரப்பி ஒரு நிரல். அப்புறம் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் மாற்றி இன்னொன்று. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எங்கே வேறுபடுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வேறுபாடுதான் அந்தக் கட்டத்தின் வேலை. இப்படியே ஒவ்வொரு கட்டமாக.

‘வேகம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பக்கத்தில் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று ஒரு குறிப்பு. அவள் கண்டுபிடித்தது இதுதான்: டிக் போட்டால் சின்னக் கோப்புகள் ஒழுங்காகப் பூட்டப்படும். பெரிய கோப்புகளைப் பூட்ட நேரமாகும் அல்லவா, அதனால் அவற்றின் மேல் வெறும் குப்பையைக் கொட்டி நிரப்பிவிட்டுப் போய்விடும். பூட்டின மாதிரியே பெயரும் மாறியிருக்கும். எந்தச் சாவி வந்தாலும் திறக்காது, உள்ளே ஒன்றுமில்லையே. செய்தவனின் சோம்பேறித்தனம் இது. வாங்கினவனுக்கு அது தெரியவே தெரியாது.

இதை அறிக்கையில் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் நாத்தனார் போன் செய்தார். அவர் ஸ்கேன் சென்டர் நடத்துகிறவர். “எங்க வீட்டு மருமக கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டுறா” என்று உறவினர்களிடம் அறிமுகப்படுத்துகிறவர்.

“ஏம்மா, எங்க படம் எல்லாம் பூட்டிக்கிச்சு. நாளைக்கு மதியத்துக்குள்ள பணம் கட்டணுமாம்.”

மிரட்டல் கடிதத்தின் முதல் வரியைப் படிக்கச் சொன்னாள். கருவியோடு வருகிற மாதிரிக் கடிதம், அப்படியே. அதைக்கூட மாற்றி எழுத அந்த மகானுக்கு உடம்பு வணங்கவில்லை.

ஸ்கேன் சென்டரில் டோக்கன் எண் காட்டும் பலகை அணைந்து கிடந்தது. உள்ளறையில் நாத்தனாரின் கணவர் திருடனோடு திரையில் எழுத்துப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார்.

“சார் ரொம்ப மரியாதையா பேசுறாரு.”

“எந்த சாரு?”

“பூட்டினவருதான். நம்பிக்கைக்கு ஒரு பில்லைத் திறந்து காட்டினாரு. நாணயமான ஆளு.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அங்கே கம்ப்யூட்டரில் தங்கிப்போயிருந்த பூட்டு நிரலை எடுத்து, டிக் போட்டது, போடாதது என்று தன்னிடமிருந்த இரண்டோடும் ஒப்பிட்டாள். வேகக் கட்டத்தில் டிக் போட்டதோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

“தனியா நகல் எடுத்து வெச்சிருக்கீங்களா, அண்ணா?”

“இருக்கே, அதே கம்ப்யூட்டர்ல சொருகித்தான் வெச்சிருந்தோம்.”

“அப்ப அதுவும் சேந்து போச்சு. சாவிய பூட்டுலயே தொங்கவிட்டுட்டுப் போயிருக்கீங்க. அண்ணி, பணம் கட்டாதீங்க.”

“அப்ப நீ திறந்து குடுத்துடுவியா?”

“பில்லுங்க திறந்தாத் திறக்கும். படமெல்லாம் பெரிய கோப்பு, அத என்னால முடியாது.”

“அவன் திறப்பான்ல?”

“அவனாலயும் முடியாது. ஒரு கட்டத்துல டிக் போட்டு அழிச்சிருக்கான், அவனுக்கே அது தெரியாது.”

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். “எதுலயும் நொட்டை சொல்றதே உனக்குப் பொழப்பு. ஒருத்தருக்கு சிறுநீரகத்துல வீக்கம். போன வருஷப் படத்தோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் கத்தி வைக்கணுமா வேணாமான்னு டாக்டர் சொல்லணும். உன் பேச்சக் கேட்டு நான் அத விட்டுட முடியுமா?”

“விட வேணாம். அவரோட அந்தப் படத்தையே திறந்து காட்டச் சொல்லுங்க. திறந்துட்டான்னா நானே வந்து பணம் கட்டுறேன்.”

கேட்டார்கள். ‘சிறிய கோப்பு ஒன்றை அனுப்பவும், அன்பான வாடிக்கையாளரே’ என்று பதில் வந்தது. பெரிசுதான் வேண்டும் என்று நாத்தனாரின் கணவர் மன்னிப்புக் கேட்காத குறையாக எழுதினார். ‘எங்கள் தொழில்நுட்பக் குழுவிடம் கேட்டுச் சொல்கிறோம்.’

“குழுவாம். கருவிய வித்தவன்கிட்ட ஓடியிருக்கான்” என்றாள்.

வெகுநேரம் கழித்து ஒரு கோப்பு வந்தது. படம் பார்க்கிற மென்பொருள் அதைத் தொடவே மறுத்தது. வற்புறுத்தித் திறந்தால் திரை முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி புள்ளிகள். சிறுநீரகமும் இல்லை, வீக்கமும் இல்லை.

அப்புறம்தான் அந்த உத்தமர் உண்மையைக் கொட்டினார். விற்றவர் பதில் சொல்லவில்லையாம். சிரமத்துக்கு வருந்துகிறாராம். பாதித் தொகை கொடுத்தால் போதுமாம். “ஏதோ கட்டத்துல நீங்க தப்பா டிக் போட்டுட்டீங்கன்னு எங்க வீட்டுப் பொண்ணு சொல்லுது சார்” என்று நாத்தனாரின் கணவர் தட்டிவிட்டிருந்தார். உடனே பதில் பறந்து வந்தது: ‘எந்தக் கட்டம் என்று தெரிவிக்க முடியுமா? மற்ற வாடிக்கையாளர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.’

அவளுக்கு விரல் துறுதுறுத்தது. சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். ஆனால் இவன் தொழிலுக்கு ஓசியில் மெருகு போட்டுக் கொடுக்கவா அவள் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள்? மாட்டிக்கொள்பவர்கள் படிக்கட்டும், அறிக்கை அவர்களுக்குத்தான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

நாத்தனார் பேச்சு ஜன்னலை மூடினார். கணவர் “ஒரு நன்றியாவது சொல்லிட்டு...” என்று இழுத்தார். நாத்தனார் பார்த்த பார்வையில் நாற்காலியோடு நகர்ந்து உட்கார்ந்தார்.

காலையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் சர்வர் கோளாறு, நாளைக்கு வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்த நாத்தனார் போனை எடுத்தார்.

“ஐயா, ஸ்கேன் சென்டர்லேர்ந்து பேசுறேன். உங்க போன வருஷப் படம் அழிஞ்சு போச்சுங்க. இல்லீங்க, சர்வர் இல்ல. எங்க தப்புதான், நகலைத் தனியா வைக்கல. புதுசா எடுத்துத் தரேன். பழசு இனிமே கிடைக்காதுங்க.”

எதிர்முனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. “அப்ப எனக்கு ஆபரேஷன் வேணுமா, வேணாமாம்மா?”

நாத்தனார் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. “டாக்டர்கிட்ட நானே நேர்ல வந்து சொல்றேங்க” என்று சொல்லிவிட்டு, மேஜையிலிருந்த சென்டர் சாவியை நொட்டை மேடத்தின் கையில் வைத்துவிட்டு வெளியே இறங்கினார்.