கலியாணம் என்ற மருந்து

எனக்கு மூன்று பிள்ளைகள். பீயும் மூத்திரமும் வாந்தியும் அள்ளிய கைதான் இது. ஆனால் என் காக்காவின் வாந்தியை அள்ளியபோது எனக்கு வந்த அருவருப்பு இன்னும் தொண்டையில் நிற்கிறது. கூடப்பிறந்த அண்ணனைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் அந்த அறைக்குள் வந்து நிற்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அவர் கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போய் ஒரு புடைவைக் கடையில் நின்றார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். எனக்கு வீடு கட்டியது காக்காவின் உழைப்பு. அந்த வீட்டில்தான் நான் கலியாணம் முடித்து, உம்மாவையும் வைத்துக்கொண்டு சுகமாக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அவர் திரும்பி வந்தார். கன்னம் ஒட்டி, மூக்கு ஒழுகி, வெயிலிலும் நீளக்கைச் சட்டையோடு வந்தார். உம்மா யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று அழுதா. நான் அவருடைய தலையணைக்குக் கீழே சிகரெட் பெட்டியின் ஈயத்தாள்களைக் கண்டேன். எல்லாவற்றிலும் கரிக்கோடு. ஹெரோயினைக் குறிக்கும் தூள் என்ற சொல்லை என் கணவர் சொல்லித்தான் முதன்முதலில் கேள்விப்பட்டேன்.

எங்கள் ஊர் டொக்டர் கொழும்பு ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு வார்டு இருக்கிறது, அங்கே கொண்டுபோய் வையுங்கள் என்றார். உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, விடவில்லை. "வார்டுல வெச்சா ஊரெல்லாம் கதைக்கும். ஊட்டுக்குள்ளயே பூட்டி வெச்சி நிப்பாட்டுவம். மறுகா ஒரு கால்கட்டப் போட்டா எல்லாம் சரி வரும்" என்றார். அவர் எதையும் அள்ளப் போவதில்லை. வாய்ப்பந்தல் போட்டுவிட்டு வீட்டுக்குச் சோறு தின்னப் போனார்.

பூட்டினோம். ஏழு நாள். கொட்டாவியும் கண்ணீருமாகத் தொடங்கி, உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்து, மேலாலும் கீழாலும் போய்க்கொண்டே இருந்தது. காலால் சுவரை உதைத்தார். சுவரில் ஒட்டியதைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். "இந்தச் சுவர ஆர் கட்டினது? துறடி கதவ" என்று கத்தினார். என் வாழ்நாளில் அவர் என்னை அப்படிப் பேசியதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, இவர் மூச்சு நின்று மௌத்தாய்ப் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். நினைத்தது உண்மை, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

எட்டாம் நாள் கஞ்சி கேட்டார். பிறகு குளித்து, தொப்பி போட்டுப் பள்ளிக்குப் போனார். நாற்பது நாள் ஒரு வக்துத் தொழுகையும் தவறவில்லை, கன்னத்தில் சதையும் வைத்தது. நாற்பதாம் நாளுக்குள் மாமா சம்மாந்துறையில் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். வாப்பா இல்லாத பிள்ளை. வீடும் கொஞ்சம் வயலும் உண்டு.

பெண்ணின் உம்மா மாப்பிள்ளை கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தா. மண்டபத்தில் ஆண்கள் பேசிக்கொண்டிருக்க, அவ எழுந்து பின்வளவுக்கு வந்து, மீன் வெட்டிக்கொண்டிருந்த எனக்குப் பக்கத்தில் குந்தினா.

"மகள், நீங்க பொம்புளப் புள்ள, உங்களுட்டத்தான் கேக்கணும். காக்காக்கு ஏதும் பழக்கம் இரிக்கா?"

நான் மீனின் குடலை இழுத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

"காக்கா அஞ்சு வக்தும் தொழுறவரு மாமி."

"அல்ஹம்துலில்லாஹ். அது காணும் மகள், வேற ஒண்டும் வேணாம்" என்று என் தோளைத் தடவிவிட்டுப் போனா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்களுக்கு அது கடினமாகவே இருக்கவில்லை. மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கார் சம்மாந்துறைக்குப் போன பின்னேரம் உம்மா அந்த அறையைத் திறந்து சாம்பிராணி பிடித்தா. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது குமட்டுகிறது.

இரண்டு மாதம் போயிருக்காது. அந்த வீட்டுத் தண்ணிப் பம்பு காணாமல் போனது. பிறகு மதினியின் காப்பு. கடைசியில் விதைநெல் மூட்டைகளையே விற்றுவிட்டார். செய்தி வந்தபோது உம்மா, "எங்கட புள்ள நல்லாத்தானே போனான். அங்க போய்த்தான் கெட்டான். பொஞ்சாதி சரியில்ல" என்றா. மாமா தலையாட்டினார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

கலியாணம் முடிந்த ஏழாம் மாதம் ஒரு காலையில் மதினி காக்காவைக் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வயிற்றில் பிள்ளை. சண்டைக்கு வந்தாள் என்றுதான் நினைத்தேன்.

"மதினி, இவரக் கொழும்புல வார்டுக்குக் கொண்டு போகணும். எனக்குத் தனிய ஏலா. என்ட ஊட்டுக்கு வந்துதானே இப்பிடி ஆனாரு. எங்கட பிழதான். நீங்க வருவீங்களா?"

எங்கட பிழை என்றாள். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டா. நான் என் கணவரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். வழியில் காக்கா அவளுடைய மடியில் வாந்தி எடுத்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் முகம் சுளித்தார்கள், நானும் சுளித்தேன். அவள் மட்டும் சுளிக்காமல் முக்காட்டின் நுனியால் அவருடைய வாயைத் துடைத்தாள்.

வார்டில் தமிழ் தெரிந்த டொக்டர் ஒருவர் இருந்தார். எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

"கலியாணத்துக்குப் புறகுதான் டொக்டர். ஏழு மாசம்" என்றாள் மதினி.

டொக்டர் எழுதினார். காக்கா நிலத்தைப் பார்த்தார்.

"இதுக்கு முந்தி விட்டுப் பார்த்தவரா? சரியாச் சொல்லுங்க. பிழையாச் சொன்னா மருந்தும் பிழைச்சுப் போகும்."

"இல்ல டொக்டர்" என்று அவள் தொடங்கினாள். நான் குறுக்கே பேசினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. "கலியாணத்துக்கு முந்தியே மூணு வருசம் டொக்டர். நாங்க ஏழு நாள் பூட்டி வெச்சி நிப்பாட்டினம். மறுகாதான் கலியாணம் பேசினது."

டொக்டர் எழுதியதை வெட்டிவிட்டுத் திருப்பி எழுதினார். மதினி அழவில்லை. என்னைப் பார்த்து, மெதுவாக, "எங்கட உம்மா உங்களுட்டத்தானே கேட்டா" என்றாள். நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை அவள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

காக்கா அந்த முறையோடு விடவில்லை. இன்னும் இரண்டு தடவை விழுந்து எழும்பினார். ஒவ்வொரு தடவையும் அவள்தான் கொண்டுபோனாள், அவள்தான் அள்ளினாள். கடைசியில் விட்டார். அந்த வயலையே செய்துகொண்டு அந்த வீட்டிலேயே இருக்கிறார். மாமாவோ, தான் போட்ட கால்கட்டுத்தான் ஆளைத் திருத்தியது என்று சாகும்வரை சொல்லித் திரிந்தார்.

பெருநாளைக்கு நான் போனால் மதினி கதிரை போட்டு, பலகாரம் வைத்து, குறையில்லாமல் கவனிப்பாள். போன தடவை ஜன்னலோரம் இருந்தவள் நான்தான். "மதினி, மழ தூறுது" என்று சொன்னேன். அவள் வாசலுக்குப் போய் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் கிடந்த உடுப்பை எடுத்தாள்.