கொட்டாஞ்சேனையில் ஐந்து பேரைத் தேடி

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறுவருடம், சித்திரை விடுமுறைக்குச் சற்று முன்னால், மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரயில் ஏறினேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தேகப்பயிற்சி ஆசிரியர். சண்டைக்கு முந்திக் கொட்டாஞ்சேனை இளைஞர்கள் எங்கள் ஊருக்கு வந்து, கூடைப்பந்தாட்டத்தில் எங்களைத் துவைத்து எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அணியை மறுபடி அழைத்துவருவதுதான் பயணத்தின் நோக்கம். எங்கள் பையன்கள் அதற்காகவே மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்திருந்தார்கள்.

இரவு மெயிலில் மூன்றாம் வகுப்பு, வெறும் பலகை. விரிக்க ஒரு போர்வையாவது கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகவில்லை. காலையில் மருதானையில் இறங்கும்போது முதுகு என்னுடையதாகவே இல்லை. ட்ராமில் தொங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன். இரண்டு மைலுக்குள்தான், ஆனாலும் அந்த வெயிலில் நடக்கும்படி யாருக்கும் சொல்லமாட்டேன்.

பழைய அணியின் தலைவன் அந்தோனி இப்போது துறைமுகத்தில் கிளார்க். இரவு வேலை முடித்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“அஞ்சு பேரா? எங்க அண்ணே போறது? ஒருத்தன் தெமட்டகொடை ரயில் யார்டில. ஒருத்தன் கண்டிக் கச்சேரியில, கவர்மெண்டு உத்தியோகம். மத்த ரெண்டு பேரையும் கண்டே வருசக்கணக்கு. மிச்சம் நான்தான். எனக்கும் முழங்கால் போச்சு.”

பின்னேரம் மைதானத்துக்குக் கூட்டிப்போனான். சண்டைக் காலம் முழுவதும் பட்டாளத்து லொறிகள் நின்ற இடம். சீமெந்துத் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. “அணி கலைஞ்சதுக்கு இதுதானே காரணம்?” என்றேன்.

“இல்ல அண்ணே. தரை வெடிச்சாலும் பெடியள் வாறாங்கள், பாருங்கோ.”

உண்மைதான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். சிலர் அற்புதமாக ஆடினார்கள்.

“பதினேழு வயசு வரேக்க கவர்மெண்டு வேலைக்குக் கிளரிக்கல் சோதனை. இல்லாட்டித் துறைமுகத்தில வேலை. விளையாட்டு முத்துற நேரம் ஆளைக் காணக் கிடையாது. நானும் அப்பிடித்தானே போனனான்,” என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

ஒருவன் மட்டும் மிச்சம் இருந்தான். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்து ஆடுகிற சிவநேசன், பதினெட்டு வயது, இன்னும் பள்ளிக்கூடம் போகிறவன். அவனைப்போல் பந்து போடுகிறவனைத் தான் கண்டதில்லை என்றான் அந்தோனி. ஆனால் சில மாதங்களாக அவன் மைதானத்துக்கு வருவதில்லை.

மறுநாள் இருவரும் வெள்ளவத்தைக்கு பஸ் எடுத்தோம். ஆறு மைல்தான். வழியெல்லாம் நின்று நின்று போனதில் ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. சிவநேசனின் தகப்பனார் அரசாங்க உத்தியோகத்தர். அவர்தான் மறிக்கிறார் என்று எண்ணி, அவருக்குச் சொல்ல நியாயங்களை பஸ்ஸிலேயே அடுக்கிவைத்திருந்தேன்.

“நான் ஒண்டும் மறிக்கேல்லை தம்பி. அவன்தான் பந்தைத் தொடுறானில்லை,” என்றார் அவர்.

சிவநேசன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். அந்தோனியின் முகத்தை அவன் பார்க்கவில்லை. “ஆரோட விளையாடுறது, மாஸ்டர்? என்னை வெல்ல அங்க ஒருத்தரும் இல்லை. சின்னப் பெடியளை வெண்டு வெண்டு எனக்கு அலுத்துப்போச்சு.”

அந்தோனி குனிந்து தன் முழங்காலைத் தடவினான். பிறகு, “பின்னேரம் வா. நான் விளையாடுறன்,” என்றான்.

கொட்டாஞ்சேனை மைதானத்தில் பையன்கள் சுற்றிநிற்க இருவரும் ஆடினார்கள். அது ஆட்டமே அல்ல. சிவநேசன் நினைத்த இடத்திலிருந்தெல்லாம் பந்தைப் போட்டான். அந்தோனி இரண்டு தடவை விழுந்தான், இரண்டு தடவையும் எழுந்து காலை இழுத்துக்கொண்டு மறித்தான். மூன்றாம் முறை விழுந்தபோது சிவநேசன் பந்தைக் கீழே வைத்தான்.

“போதும் அண்ணை.” அவன் கண் கலங்கியிருந்தது.

அந்தோனி தரையில் இருந்தபடியே என்னைப் பார்த்தான். “இவனைக் கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணே. அங்க இவனை வெல்ல ஆக்கள் இருக்கினம்.”

“அப்ப உன்ட டீம்?”

“ஒருத்தன் டீம் இல்லையே.”

தகப்பனார் சம்மதித்தார். விடுமுறைக்கென்று என்னோடு வந்த சிவநேசன் முதல் நாளே எங்கள் பையன்களிடம் மோசமாகத் தோற்றான். கிணற்றடியில் தனியே நெடுநேரம் இருந்தான். பிறகு வந்து, “நாளைக்கும் விளையாடுவமா, மாஸ்டர்?” என்று கேட்டான். விடுமுறை முடிந்தும் அவன் திரும்பவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்துகொண்டான்.

ஆட்டக்காரரைத் தேடிக் கொழும்புக்குப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லலாம். பையன்கள் சோதனை எழுதும் காலத்தில் போகாதீர்கள். வீடு வீடாக அலையாமல் பின்னேரம் மைதானத்தில் போய் நில்லுங்கள், பந்து போடுகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். நகரத்தில் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது முளைத்துக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொருவராக வந்து ஏதோ ஒரு நல்ல காரணத்துக்காகப் பிடுங்கிக்கொண்டு போகிறோம்.

சிவநேசன் இப்போது எங்கள் அணியின் தலைவன். கொட்டாஞ்சேனை அணி எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை.